இறுகாத கை

கையைக் கழுவிக்கொண்டு வந்த நெட்டை, மனைவியின் தோளில் கிடந்த துண்டை இழுத்து ஈரத்தைத் துடைத்தான். அவன் கல் பதிப்பவன். அவள் அதே தளத்தில் சித்தாள். எல்லோரும் பார்க்க இப்படிச் செய்யாதே என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்கிற ஆள் இல்லை. அன்று அவள் திட்டவில்லை. தலையில் கலவைச் சட்டி இருந்தது.

கட்டடத்தின் முன்னால் பெரிய முற்றம். அதன் ஓரச் சுவர் முழுக்க வேலையாட்களின் உள்ளங்கைகளைப் பதிக்க வேண்டும் என்பது கட்டடத்துக்குப் படம் போட்ட அம்மாவின் யோசனை. முற்றத்தை ஊருக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதிக்கொடுத்துத்தான் முதலாளி ஐந்து மாடி கூடுதலாகக் கட்ட அனுமதி வாங்கியிருக்கிறார், அதனால் இந்த இடம் உங்களுக்கும் சொந்தம் என்று அந்த அம்மா ஆட்களைக் கூட்டிச் சொன்னாள். என் பங்கில் ஒரு கட்டில் போட்டுக்கொள்ளலாமா என்று நெட்டை கேட்டான். அந்த அம்மாவே சிரித்துவிட்டாள். பிறகு அவன் பதித்த கையைக் குனிந்து பார்த்தாள். வெறும் வடிவம். ஒரு கோடு இல்லை.

"ரேகையெல்லாம் சிமென்ட் தின்னுருச்சும்மா," என்றான் நெட்டை.

முதலாளி பார்வையிட வருகிறார், முகப்பு தெரிய வேண்டும் என்று சாரத்தின் பிடிமானக் குழாய்களைக் காலையிலேயே கழற்றியிருந்தார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு ஏழாவது மாடிக்கு ஏறிய நெட்டை சாரத்தோடு வந்து விழுந்தான்.

பதிவேட்டில் அவன் பெயர் இல்லை. வேடிக்கை பார்க்க ஏறிய வெளியாள் என்று எழுதி முடித்தார்கள். என் புருஷன் இங்கே வேலை பார்த்தவன் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்று அவள் நான்கு முறை அலுவலகப் படியேறினாள். நான்காம் முறை சன்னல் வழியே சுவரைக் காட்டினாள். மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"கை யாருதுன்னு எப்படிம்மா சொல்றது? அதுல ரேகையே இல்லையே."

மறுநாள் அவள் வேலைக்கு வந்துவிட்டாள். கொஞ்ச நாள் வீட்டில் இரு என்று கொத்தனார் சொன்னதற்கு, இருந்து என்ன செய்ய என்றாள்.

சுவரின் நட்டநடுவில் ஒரு சதுரத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். திறப்பு விழாவில் முதலாளி கை பதிக்க வேண்டிய இடம். கலவை அவள் பொறுப்பு. சிமென்ட், மணல், தண்ணீர். பிறகு மடியிலிருந்து இரண்டு கை சர்க்கரை. சர்க்கரை சேர்ந்த சிமென்ட் காயும், இறுகாது. மிச்சத் தேநீரைக் கலவையில் கொட்டுகிற புது ஆட்களைத் திட்டித் திட்டியே அவள் வாய் வலித்திருக்கிறது. முதலாளியின் கை அந்தச் சுவரில் ஒரு வாரம்கூட இருக்கக் கூடாது.

கரண்டியால் அள்ளிய கொத்தனார் கொஞ்சம் நின்றார். சட்டி ஓரத்தில் கரையாத வெள்ளைப் பரல்கள். அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"பூசுங்கண்ணே," என்றாள். "அவங்க வந்துட்டாங்க."

பூசினார். முதலாளி கையை அழுத்தினார். கைதட்டினார்கள். ஒருவர் வெந்நீரும் துவாலையும் நீட்டினார்.

ஐந்தாம் நாள் கை பொடியாக உதிர்ந்தது. சிமென்ட் மோசம் என்று கொத்தனாரை மாற்றினார்கள். இரண்டாவது கையும் உதிர்ந்தது. மூன்றாவது முறை வெளியூரிலிருந்து ஆள் வந்தான். சட்டி சுமக்க மட்டும் வேறொரு உள்ளூர்ப் பெண்.

"எவ்வளவு போட்டே?" என்று தண்ணீர்க் குழாயடியில் அவளிடம் கேட்டாள் நெட்டையின் மனைவி.

"வீட்ல இருந்தது மொத்தமும். மூணு நாளா என் மாமியார் சர்க்கரை இல்லாத தேநீரைக் குடிச்சுட்டு என்னை வைதுகிட்டிருக்கு."

நெட்டை போன பிறகு அன்றுதான் அவள் சிரித்தாள்.

மூன்றாவது கையும் உதிர்ந்தது. நான்காவது முறை முதலாளி கை கொடுக்க மறுத்துவிட்டார். சதுரம் பள்ளமாகவே கிடக்கிறது. அதுவும் கலைதான் என்று வருகிறவர்களிடம் சொல்கிறார்களாம்.

முற்றத்தைச் சுற்றி இடுப்பளவுக்குச் சங்கிலி போட்டாயிற்று. உள்ளே போக அலுவலக அட்டை வேண்டும். விடுமுறை நாளில் அவள் போய் நின்றாள்.

"இதுக்கு மேல விடக் கூடாதுக்கா," என்றான் காவலாளி. "என் வேலை போயிரும்."

அவள் சங்கிலியில் வயிறு அழுந்தச் சாய்ந்து, நெட்டையின் கையை நோக்கித் தன் கையை நீட்டிப் பார்த்தாள். மீதம் நான்கடி இருந்தது. அடுத்த வாரமும் நான்கடிதான்.