நாற்பத்தைந்து லிட்டர் பையும் முதல் மோப்பமும்

1

இந்தக் கதை ஒரு மதிப்புரையாகத்தான் தொடங்கியது. பயண இதழ் ஒன்று மலையேற்றப் பை ஒன்றை எனக்கு அனுப்பி, அது எப்படி என்று எழுதித் தரச் சொன்னது. நாற்பத்தைந்து லிட்டர் கொள்ளளவு. இரண்டு இரவு வெளியே தங்கும் பயணத்துக்கு ஏற்ற நடுத்தர அளவு. இதைவிடச் சிறியதில் தூங்கும் பை நுழையாது. பெரியதை வாங்கினால் பாதி வீட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பத் தோன்றும்.

முதல் வரியை இப்படி எழுதினேன்: ‘ஒரு பை நல்லதா என்பதை முதுகுதான் சொல்ல வேண்டும்.’

வரி நன்றாக இருக்கிறது. ஆனால் என் முதுகு எதையும் சொல்லியிருக்கவில்லை. முழங்கால் சவ்வு கிழிந்த பிறகு, மந்தைவெளியில் என் வீட்டு இரண்டாம் மாடிக்கு ஏறுவதே எனக்கு மலையேற்றம். வேறொரு முதுகு தேவைப்பட்டது. கதை அங்கே உள்ளே வந்துவிட்டது.

2

மேகலா நொச்சிக்குப்பத்துப் பெண். இருபதுகளின் தொடக்கம். அடையாறில் மலையேற்றச் சாமான்கள் விற்கும் கடையில் வேலை. அந்தக் கடைக்காரர்கள் நடத்தும் பயணக் குழுவில் உதவி வழிகாட்டியாகப் பழகிக்கொண்டிருந்தாள். ஜவ்வாது மலைக்குப் போகும் அடுத்த பயணம் ஒழுங்காக முடிந்தால் வழிகாட்டி வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள்.

(முதல் வரைவில் இந்த இடத்தில் சுஹாஸ் என்பவன் இருந்தான். கோட்டூர்புரத்தில் வீடு, மென்பொருள் வேலை. எந்தப் பையை மாட்டினாலும் அவனுக்குச் சரியாக இருந்தது. அவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அனுப்பிவிட்டேன்.)

மேகலா நான் கொடுத்த பையில் அரிசி மூட்டையும் தண்ணீர் பாட்டில்களும் அடைத்துப் பரங்கிமலைப் படிகளில் ஏறி இறங்கினாள். பெரிய மலை இல்லாத ஊரில் பையைச் சோதிக்க எல்லோரும் செய்வது அதுதான். மறுநாள் தொலைபேசியில் சொன்னாள்.

“பெல்ட்ட இறுக்கிட்டா வெயிட்டு இடுப்புக்கு எறங்கிடுது சார். தோளு ப்ரீயா கீது. முதுகுல காத்து போவுது. ஆனா உள்ள ரொம்பிச்சின்னா சைடுல பாட்டில் சொருக முடியல. சொருகினாலும் எடுக்க இன்னொரு ஆள் வோணும்.”

மதிப்புரைக்கு இது போதும். இங்கேயே முடித்திருந்தால் நீங்கள் இப்போது வேறு ஏதாவது படித்துக்கொண்டிருப்பீர்கள்.

3

பயணத்துக்கு முந்தைய வாரம் மேகலாவின் அம்மா பச்சையம்மாவின் மீன்கூடை அடிப்பக்கம் பிளந்துகொண்டது. விடிகாலையில் காசிமேட்டுக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து வந்து கடற்கரைச் சாலையில் விற்பவர் அவர். சுவரில் பை மாட்டியிருந்தது. எடுத்துக்கொண்டு போய்விட்டார். வஞ்சிரமும் ஐஸும் இரண்டு பிளாஸ்டிக் உறைகளில்.

அவர் கருத்தையும் கேட்டேன்.

“இன்னா பையி நைனா இது. தோள்ல ஒண்ணுமே தெரில. கொயந்த மாதிரி இடுப்புலயே குந்திகினு வருது.”

“உறை கிழிஞ்சது தெரியலையா?”

“முதுகு ஜில்லுன்னு கீதேன்னு பாத்தேன். அதுவும் பையில வெச்ச வசதி போலன்னு வுட்டுட்டேன்.”

ஐஸ் தண்ணீர் முதுகுப் பஞ்சுக்குள் இறங்கியிருந்தது. மகள் கத்தினாள். அம்மா சோப்புத் தூள் போட்டு, எலுமிச்சம்பழம் தேய்த்து, அலசி, அந்தப் பகுதியிலேயே வெயில் நன்றாக விழும் மொட்டைமாடியில் காயப்போட்டார். பையைச் சுற்றிக் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது.

இந்த இடத்தைப் பலமுறை திருத்திப் பார்த்தேன். வாசகர் நம்பமாட்டார் என்று தோன்றியது. ஆனால் மேகலாவும் மாடிக்குப் போய்ப் பையைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். அவளுக்கும் எதுவும் உறைக்கவில்லை.*

* என் வீட்டில் பழைய புத்தக வாடை அடிப்பதாக வருகிறவர்கள் சொல்கிறார்கள். நான் அறிந்ததில்லை.

4

குழுத் தலைவர் பிரசாத். நியாயமான மனிதர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவர் விதி ஒன்று: ஜவ்வாது மலையில் கரடி உண்டு, மீன், கருவாடு வாடையுள்ள எதுவும் கூடாரத்துக்குள் வரக் கூடாது. வடபழனியில் பேருந்து ஏறும் முன் ஒவ்வொரு பையையும் திறந்து பார்ப்பார். வாடை இருந்தால் பையோடு ஆளும் இறங்க வேண்டும், வழிகாட்டியானாலும். கடையின் வாடகைப் பைகள் எல்லாம் இதே பயணத்துக்குப் போய்விட்டன. என்னிடம் வேறு பை இல்லை. இருந்திருந்தால் இந்தக் கதை இல்லை.

பேருந்து புறப்படும் வெள்ளிக்கிழமை மாலை மேகலா என் வீட்டுக்கு வந்தாள். பையை மேசைமேல் வைத்து ஜிப்பைத் திறந்தாள்.

“மோந்து பாத்து சொல்லு சார்.”

“உனக்கே தெரியாதா?”

“எனக்கு எப்டி தெரியும்? எங்கம்மாக்கும் தெரியாது. எங்க தெருவுலயே எவனுக்கும் தெரியாது. அதான் மைலாப்பூர் பக்கம் மூக்கு தேடிகினு வந்தேன்.”

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“காலேஜ்ல மூணு வருசம் என் பெஞ்சுல யாரும் குந்தல சார். தெனம் ரெண்டு வாட்டி குளிச்சிட்டுப் போவேன். அது வேற கத. இப்ப நான் கேக்கறது பையப் பத்தி மட்டும்தான்.”

குனிந்து முகர்ந்தேன். மதிப்புரையில் அந்த இடம் இப்படி இருக்கிறது:

பையில் லேசாக

சோப்பு வாசனையைத் தவிர வேறு

துணியின் தன்மையைக் கருதும்போது, ஒருவேளை

மூன்று தொடக்கங்களையும் அடித்துவிடாமல் வைத்திருக்கிறேன். எனக்கு ஏதோ தெரிந்தது. அது பையிலிருந்து வந்ததா, வஞ்சிரமும் கருவாடும் பற்றி எனக்குத் தெரிந்திருந்ததிலிருந்து வந்ததா என்பதுதான் தெரியவில்லை. எதுவும் தெரியாத ஒரு மூக்கு வேண்டும் என்றேன்.

5

(இங்கே திருவல்லிக்கேணியிலிருந்து கரீமுல்லா என்ற அத்தர் வியாபாரியை வரவழைக்க ஆசையாக இருந்தது. முகர்ந்து பார்த்து ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர்கள் கதைகளில் சரியான நேரத்துக்கு வருவார்கள். எங்கள் மாடிக்கு வருபவர்கள் தண்ணீர் மோட்டார் சாவிக்காகத்தான் வருகிறார்கள்.)

சாவிக்காக ஜஹீதா வந்தார். கீழ்வீடு. ஜாக்கெட்டுகளுக்கு ஆரி வேலை செய்பவர். மேகலாவை அவர் பார்த்ததில்லை.

“ஜஹீதாக்கா, இந்தப் பையில் என்ன வாசனை வருதுன்னு பாத்து சொல்லுங்க.”

“ஏன், எலி செத்துடுச்சா?”

“சும்மா பாருங்க.”

தலையை உள்ளே விட்டு நிதானமாக முகர்ந்தார்.

“சோப்புத்தூள். அப்புறம் ரப்பர் செருப்பு மாதிரி. புதுப் பை, அப்பிடித்தான் இருக்கும்.”

மேகலா மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது. ஜஹீதா திரும்பிப் பார்த்தார்.

“யாரு பாப்பா நீ? வீடு எங்க?”

“நொச்சிக்குப்பம் அக்கா.”

“ஓ.” மறுபடி குனிந்தார். யாரும் கேட்கவில்லை. “இரு... ஆமா. இப்ப தெரியுது. லேசா கவிச்சி கீது.”

நான் எடுத்துக் கொடுத்த மோட்டார் சாவி அவர் கையிலேயே இருந்தது. நான் மேகலாவைப் பார்க்கவில்லை. அதனால் அவள் முகத்தை வருணிக்க இயலாது.

“ரெண்டு வாட்டி மோந்தீங்க இல்ல,” என்றாள் மேகலா. “நான் மொத வாட்டிய வச்சிக்கிறேன்.”

ஜஹீதாவுக்குப் புரிந்துவிட்டது. “அய்யோ, நான் ஒண்ணும் அப்பிடி நெனச்சு...” என்று தொடங்கி முடிக்கவில்லை. அந்த வாக்கியத்தை என்னாலும் முடிக்க முடியவில்லை. வெகுநேரம் முயன்றேன்.

6

மேகலா பையை மாட்டி, இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டு கிளம்பினாள். வடபழனி போய்ச் சேர்ந்ததும் ஒரு செய்தி அனுப்பினாள்:

‘சார், பிரசாத் சாரு பைய பாக்க வராரு. மீனு, கருவாடு கதைய முன்னாடியே சொல்லிடவா? சொல்லாம உடவா?’

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

சொல்கிறாள். பிரசாத் அவள் நேர்மையைப் பாராட்டிவிட்டுக் குனிகிறார். ஜஹீதாவின் இரண்டாவது மோப்பம் அவருக்கு முதல் மோப்பமாகிறது. பேருந்து அவள் இல்லாமல் புறப்படுகிறது.

சொல்லவில்லை. பிரசாத் முகர்ந்து, சோப்புத்தூள் என்கிறார். அவள் ஏறுகிறாள். மலையில், கூடாரத்துக்கு வெளியே, பிரசாத்தைவிட நல்ல மூக்குள்ள ஏதோ

இந்த இரண்டாவதை முடிக்கவில்லை. முதலாவதையும் நம்பவில்லை. பை உண்மையில் சுத்தமாக இருந்தால் அவள் சொல்வது அவளுக்கே கேடு. இல்லையென்றால் சொல்லாமல் விடுவது கூடாரத்தில் தூங்குகிற அத்தனை பேருக்கும் கேடு. பை சுத்தமா இல்லையா என்று சொல்லக்கூடியவர் எதையும் அறியாமல் முகர்கிறவர் மட்டுமே.

உங்களைக் கேட்கலாம் என்றுதான் இதைக் கதையாக எழுதினேன். ஆனால் மூன்றாம் பகுதியிலேயே உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இனி அந்தப் பைக்குள் நீங்கள் தலையை விட்டால், அது உங்கள் இரண்டாவது மோப்பம்தான்.

பையைப் பற்றிய மற்ற விவரங்களில் எனக்குச் சந்தேகமில்லை. இடுப்புப் பட்டை நன்று. தையல் உறுதி. பக்கப் பை இறுக்கம். வாடை என்ற இடம் காலியாக இருக்கிறது.

அவள் தொலைபேசியில் அந்தச் செய்திக்குக் கீழே இரண்டு நீலக் குறிகள் விழுந்திருக்கும். நான் படித்துவிட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். பிரசாத் வரிசையில் இன்னும் அவளிடம் வரவில்லை.

இப்போது நீங்களும் படித்துவிட்டீர்கள்.