வலது தோளில் உட்கார்ந்த பாட்டுக்காரர்

என் வீட்டுக்காரர் பாலாவுக்கு இடது காது போய்விட்டது என்று நான் முடிவு கட்டியது ஒரு சோப்பு டப்பாவை வைத்து. சிரிக்காதீர்கள். அந்த டப்பாவுக்குள் நானே செய்த ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் இருந்தது. போனிலிருந்து வரும் சத்தம் அவருடைய பெரிய ஹெட்போனுக்குப் போதவில்லை என்று புலம்பியதால், ஷிஃப்ட் பஸ்ஸில் மடியில் வைத்துக் கேட்கிற மாதிரி செய்து கொடுத்தேன். உள்ளே இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரி, எட்டுக் கால் ஐசி ஒன்று, இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் சத்த அளவைத் திருகி வைக்க இரண்டு குட்டி ப்ரீசெட். ஐசியைப் பற்றவைக்காமல் சாக்கெட்டில் சொருகியிருந்தேன், வேண்டும்போது பிடுங்கிவிட்டு வேறொன்று போடலாமே என்று. அந்தப் பாழாய்ப்போன சாக்கெட் மட்டும் இல்லாதிருந்தால் நான் முதல் நாளே உட்கார்ந்து யோசித்திருப்பேன்.

புதுப்பட்டினம் பஜாரில் இருபத்திரண்டு வருஷமாக ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கோயில் மைக்செட், மண்டபத்துப் பெட்டிகள், ஆட்டோவில் விளம்பரம் போகிற கூம்பு ஸ்பீக்கர் எல்லாம் என் மேஜைக்கு வந்துதான் போகும். பழுது பார்த்த கூம்பை மேஜைக்கு வலது பக்கத்துக் கொக்கியில் மாட்டி, முழுச் சத்தத்தில் அலறவிட்டுத்தான் கையில் கொடுப்பேன். பேட்டரி பார்க்க மீட்டர் இருக்கிறது. சத்தத்துக்கு என் காதுதான் மீட்டர். இதைச் சொல்லிச் சொல்லியே பெயர் வாங்கியவள் நான்.

பாலா அணுமின் பிளான்ட்டில் டெக்னீஷியன். அணுபுரம் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். ஒரு நாள் காலை ஷிஃப்ட் முடிந்ததும் பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கடைக்கு வந்து டப்பாவை மேஜையில் வைத்தார்.

"சங்கரி, இது இன்னா ஒரு பக்கமாவே பாடிகினு கீது? பாட்டுக்காரர் நடுவுல நிக்கணும் இல்ல? என் வலது தோள் மேல ஏறி உக்காந்துகினு பாடறாரு."

ஹெட்போனை வாங்கி மாட்டினேன். பழைய பாட்டு. அந்தக் காலத்துப் பதிவில் இடது வலது என்ற பேச்சே கிடையாது, இரண்டு காதிலும் ஒன்றே வரும். எனக்குப் பாட்டுக்காரர் நட்டநடு நெற்றியில் நின்று பாடினார்.

"நல்லாதானேயா கீது."

"இன்னா நல்லா கீது? இடது பக்கம் கெணத்துக்குள்ள இருந்து வருது."

பேட்டரியைச் சோதித்தேன். ஒன்று எட்டே முக்கால் வோல்ட், இன்னொன்று ஏழு. பவர் விளக்கை ஒரே பேட்டரியில் தொங்கவிட்டிருந்தேன், அது மட்டும் சீக்கிரம் இளைத்துவிட்டது. விளக்கை இரண்டுக்கும் பொதுவாக மாற்றினேன். ஒரு பேட்டரி இளைத்தால் இரண்டு பக்கமும் சேர்ந்துதான் கெடும், ஒரு பக்கம் மட்டும் எப்படிக் குறையும் என்று உள்ளே ஒரு கேள்வி எழுந்தது. அதை உட்கார வைத்துவிட்டு அவரை அனுப்பினேன்.

மறுநாள் திரும்பி வந்தார். அதே புகார். ஐசியை மாற்றினேன். 072 என்கிற நம்பர் ஐசியைப் பிடுங்கி 5532 போட்டேன். ஐசி மாறினால் அளவு மாறாது, அது ப்ரீசெட்டின் வேலை. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இதுதான் இருக்கும். ஆனால் எனக்கு மனசு ஆறாது. ஐசி மாற்றினால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பாட்டுக்காரர் நடுவில் வந்து நிற்கும்வரை இரண்டு ப்ரீசெட்டையும் திருகிப் பார்த்தால்தான் தூக்கம் வரும். அப்படியே செய்து கொடுத்தேன்.

5532 பேட்டரியைக் குடித்துத் தீர்த்தது. முன்பு ஒரு சார்ஜ் பத்து நாள் வரும், இது நாலாம் நாளே பஸ்ஸில் கரகரத்தது. மிச்சம் பிடிக்கிறேன் என்று இவர் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அணைத்து அணைத்துப் போட்டிருக்கிறார். பாட்டுக்காரர் மட்டும் வலது தோளை விட்டு இறங்கவில்லை. அதைப் பிடுங்கி 4558 போட்டேன். திருகினேன். இறங்கவில்லை. பார்சலில் ஒரு ஒசத்தி ஐசி வரவழைத்தேன். திருகினேன். இறங்கவில்லை. உள்ளே போகிற ஒயரை இடம் மாற்றினேன், வெளியே வருகிற ஒயரையும் மாற்றினேன், ஒவ்வொரு முறையும் திருகினேன். எனக்கு நடுவில், அவருக்கு வலது தோளில்.

"எங்க பிளான்ட்ல ரீடிங் கோணலா வந்தா மொதல்ல மீட்டரத்தான் சந்தேகப்படுவோம்" என்றார்.

"என் மீட்டருக்கு இன்னா கேடு? நல்லாதான் கீது."

"சரி, ஆம்ப்ளிஃபையர் இல்லாம போன்லயே நேரா கேக்கறேன். எனக்கு நடுவுலதான் கீது. நீயே கேளு."

வாங்கிக் கேட்டேன். பாட்டு இடது பக்கம் சாய்ந்திருந்தது. நன்றாகவே சாய்ந்திருந்தது.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு மனசுக்குள் கணக்குப் போட்டேன். கணக்கு அவ்வளவு சுத்தமாகப் பொருந்தியது. போனே இடது பக்கம் சாய்கிறது. என் டப்பா அதைச் சரிசெய்து நடுவில் நிறுத்துகிறது. சாய்ந்த போன் இவருக்கு நேராகக் கேட்கிறது, நேரான டப்பா வலது பக்கம் சாய்ந்து கேட்கிறது. அப்படியென்றால் இடது காது மந்தம். வேறு என்ன?

வருஷாந்திர மெடிக்கலுக்கு ஒன்பது நாள் இருந்தது. அதில் காதுப் பரிசோதனையும் உண்டு. இரண்டு வருஷம் முன்னால் இவரோடு வேலை பார்த்த நரசிம்மன் அதில்தான் ஃபெயிலானார். அலாரம் காதில் விழாத ஆளை கன்ட்ரோல் பேனல் முன்னால் நிறுத்த முடியாது என்று ஸ்டோருக்கு மாற்றினார்கள். வாய் ஓயாமல் பேசுகிற மனுஷன், இப்போது ரப்பர் கையுறை எண்ணிக்கொண்டு எதிரே வந்தாலும் தலை நிமிர்வதில்லை. பாலாவுக்கு அந்தப் பேனல்தான் எல்லாம். லீவு நாளில்கூட அங்கே என்ன ஓடுகிறதோ என்று போன் பண்ணிக் கேட்கிற ஆள். அவரை ஸ்டோர் அலமாரிகளுக்கு நடுவில் நினைத்துப் பார்க்கவே எனக்குத் திக்கென்றது.

அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. அவர் சாப்பிடும்போது இடது பக்கம் பின்னால் போய் நின்று, "மோர் வேணுமா?" என்று மூச்சு விடுகிற அளவுக் குரலில் கேட்டேன். "ஊத்து" என்றார். குத்துமதிப்பாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள், "உங்க அக்கா வந்துகினு கீறாங்க" என்று இன்னும் மெதுவாகச் சொன்னேன். "எப்போ?" என்று திரும்பினார். எதிரே இருந்த பீரோ கண்ணாடியில் என் உதட்டைப் பார்த்திருப்பார் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். எனக்கே சிரிப்பு வந்தது, ஆனால் பயம் போகவில்லை.

அந்த வாரமே ரேணுகா வந்தாள். சதுரங்கப்பட்டினம் ரோட்டில் மைக்செட் வாடகைக்கு விடுகிறவள், என் பழைய வாடிக்கை. மேஜைக்கு வலது பக்கம் நின்றுகொண்டு ஏதோ முனகினாள்.

"வாயத் தெறந்து பேசேன்டி. இந்த ஊர்ல எல்லாரும் வாய்க்குள்ளயே பேச ஆரம்பிச்சிட்டீங்க."

"நல்லாதானேக்கா பேசறேன்? நீ செஞ்சி குடுத்த செட்டு, சடையப்பன் வூட்டுக் காதுகுத்துல வலது பொட்டி அலறிச்சின்னேன். அந்தப் பக்கம் இருந்த சனமெல்லாம் சேரைத் தூக்கிகினு இந்தப் பக்கம் வந்துடுச்சி."

"உன் ஆளு ஒயரை மாத்தி சொருகியிருப்பான். நான் காதால கேட்டு வெச்சி அனுப்பினது, தப்பாவாது."

"இன்னாவோ போக்கா" என்று போய்விட்டாள். போன மாசமும் கேளம்பாக்கத்து மண்டபக்காரர் இதையேதான் சொன்னார். அன்றைக்கும் ஒயர் மேல் பழி போட்டு அனுப்பியிருந்தேன்.

மெடிக்கலுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவரை உட்கார வைத்தேன்.

"அந்த ரூமுக்குள்ள பீப் பீப்னு வரும் இல்ல? இடது பக்கம் கேக்காட்டியும் மனசுக்குள்ள மூணு எண்ணிட்டு பட்டனை அமுக்கு."

"ஏன் கேக்காது?"

"சும்மா சொல்லி வெக்கறேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பேனல் முன்னாடி நிக்கிறவன் கேக்காத சத்தத்தைக் கேட்டுச்சின்னு சொல்லலாமா, சங்கரி?" என்றார். கோபமில்லாமல்தான் கேட்டார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மறுநாள் கடையில் ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரு பெட்டியின் ஸ்பீக்கரைக் கழற்றினேன், திருப்பி மாட்டினேன், எதற்குக் கழற்றினேன் என்று மறந்துபோனது. பன்னிரண்டு மணிக்கு அவர் சிரித்துக்கொண்டே வந்தார். கூம்புக்குக் கீழே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பரை நீட்டினார்.

"ரெண்டு காதும் ஃபர்ஸ்ட் கிளாஸ். டெஸ்ட் எடுத்த அம்மா, இந்த வயசுல இப்படி ஒரு காதான்னு கேட்டாங்க."

பேப்பரைப் பிடுங்கிப் பார்த்தேன். இடதுக்கும் வலதுக்கும் இரண்டு கோடு, ஒன்றின் மேல் ஒன்று ஒட்டினாற்போல் ஓடியது. "எண்ணிட்டு அமுக்கினியா?" என்றேன். "அதெல்லாம் இல்ல" என்றார். பேப்பராலேயே அவர் தலையில் ஒரு அடி போட்டேன். அப்படி ஒரு சந்தோஷம், அழுகையும் கூடவே வந்தது. ரெண்டு டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று அவர் தெருவில் இறங்கினார்.

அவர் அந்தப் பக்கம் போனதும் எனக்குக் கணக்கு உதைக்க ஆரம்பித்தது. இவர் காது சரி என்றால் டப்பா நிஜமாகவே வலது பக்கம் சாய்கிறது. டப்பா சாய்ந்தால் போன் நேராக இருக்கிறது. போன் நேராக இருந்தால், அது இடது பக்கம் சாய்வதாக நான் கேட்டது என்ன?

மேஜையில் கிடந்த அவர் போனில் ஹெட்போனை நேராகச் சொருகி மாட்டினேன். பாட்டு இடது பக்கம் சாய்ந்தது. ஹெட்போனைக் கழற்றி, இடம் வலமாகத் திருப்பி மாட்டினேன். யாருடைய செட் வந்தாலும் நான் செய்கிற முதல் சோதனை இதுதான்: ஒயரை மாற்றிப் போடு, கோளாறு கூடவே போகிறதா பார். கோளாறு போனில் இருந்தால் பாட்டு இப்போது வலது பக்கம் போகவேண்டும்.

போகவில்லை. இடது பக்கமே நின்றது. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி திருப்பினேன். இடது பக்கம். மறுபடி. இடது பக்கம்.

இருபத்திரண்டு வருஷத்தில் அந்தச் சோதனையை எனக்கு நானே ஒரு முறைகூடச் செய்துகொண்டதில்லை. பயமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. ரேணுகாவின் வலது பெட்டியை அலறவிட்டது நான்தான். மண்டபக்காரரின் பெட்டியையும் நான்தான். கொக்கியில் தொங்கிய கூம்பை நிமிர்ந்து பார்த்தேன். தினமும் அது அலறியது என் வலது காதுக்கு ஒரு முழம் தூரத்தில்.

அப்புறம், பேட்டரிக்கு மட்டும் எடுக்கிற மீட்டரை எடுத்தேன். போனில் ஒரே சீராக ஒலிக்கிற டோனை ஓடவிட்டு, டப்பாவின் இரண்டு பக்கமும் வைத்தேன். வலது பக்கம் இடதைவிட இரண்டு மடங்கு காட்டியது. ஒவ்வொரு ஐசிக்கும் என் காதுக்குச் சரியாக நானே திருகித் திருகி வைத்த அளவு. மீட்டரைப் பார்த்து, இரண்டு எண்ணும் ஒன்றாகும்வரை திருகினேன். ஹெட்போனை மாட்டினேன். வலது பக்கம் காலியாக இருந்தது.

பாலா வந்து டீயை வைத்துவிட்டு அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். ஹெட்போனை அவரிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கேட்டார். முகம் மலர்ந்தது.

"இப்போ நடுவுல வந்துட்டாரு. எந்த ஐசி போட்ட?"

"ஐசி எதுவும் மாத்தல. எந்த ஐசிலயும் கோளாறு இல்ல." திருப்புளியைக் கீழே வைத்தேன். "என் வலது காதுலதான் கோளாறு."

ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்தார், கூம்பைப் பார்த்தார். பிறகு குனிந்து டீ கிளாஸை நகர்த்திக்கொண்டே ஏதோ சொன்னார். உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது.

"இன்னா சொன்ன?" என்றேன்.

அவர் எழுந்து ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்தார். என் இடது பக்கம் போட்டு உட்கார்ந்தார்.

"நாளைக்கு லீவு சொல்லிடறேன்" என்றார். "செங்கல்பட்டுக்குப் போயி உன் காதைக் காட்டிட்டு வரலாம்."