விலாவுக்குக் கட்டு கிடையாது

"சிரிக்க வைக்காதடா, புண்ணியமாப் போகும்."

"நான் வாயே திறக்கலையே அத்தான்."

"உன் மூஞ்சி போதாதா?"

சொல்லிவிட்டு அத்தான் கண்களை இறுக்கிக்கொண்டார். சிரிப்பு பாதி வழியில் எங்கோ முட்டி நின்றது. தலைமாட்டை உயர்த்திய ஆஸ்பத்திரிக் கட்டிலில், மடியில் தலையணையோடு உட்கார்ந்திருந்தார்.

அத்தானும் நானும் வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்குகிறவர்கள். நான்கு நாளுக்கு முன் மூன்றாம் மாடியிலிருந்து ஒரு பீரோவை இறக்கினோம். படியில் பாரம் கீழ்ப்பக்கம்தான் வரும். அங்கே எப்போதும் அத்தான். திருப்பத்தில் என் பிடி நழுவியது. பீரோ அவர் நெஞ்சைச் சுவரோடு வைத்து அழுத்தியது.

"ஒண்ணுமில்லடா, பிடிப்பு" என்றார்.

எங்கள் வேலையில் எது ஆடினாலும் கட்டிவிடுவோம். பீரோக் கதவு, கட்டில் கால், எல்லாம். பாரம் தூக்க இடுப்பில் போடும் அகல பெல்ட்டை அவர் விலாவைச் சுற்றி நானே இறுக்கினேன். வலி குறைந்ததென்றார். மூன்று நாள் அப்படியே, மேலோட்டமாக மூச்சு விட்டுக்கொண்டு இருந்தார். நேற்று காய்ச்சல் கொளுத்தியது.

மூன்று விலா உடைந்திருந்தது. டாக்டர் முதலில் பெல்ட்டைத்தான் அவிழ்த்தார்.

"கை உடைஞ்சா கட்டுப் போடலாம். விலாவுக்குக் கட்டு கிடையாது. நெஞ்சு விரியணும். இப்ப சளி தேங்கிடுச்சு. இருமி எடுக்கலைன்னா நிமோனியா முத்திடும்."

வலிக்கு ஊசி போட்டாயிற்று. இருமும்போது அணைத்துக்கொள்ள நர்ஸ் கொடுத்ததுதான் அந்தத் தலையணை.

"ஒரே ஒரு தடவை அத்தான். பீரோவைத் தூக்கறதா நினைச்சுக்குங்க. ஒண்ணு, ரெண்டு..."

"பீரோ பேச்சை எடுக்காத."

தலையணையை நெஞ்சோடு அணைத்து மூச்சை இழுத்தார். உள்ளே தண்ணீர் கொதிப்பது போல ஒரு சத்தம். முகம் வெளுத்தது. இருமல் வரவில்லை, கண்ணீர் வந்தது. நான் தலையணையின் இன்னொரு ஓரத்தைப் பிடித்தேன். எந்த பீரோவுக்கும் நான் பிடிக்க ஒரு முனை இருக்கும். இந்த மூச்சுக்கு இல்லை.

"போதும்டா."

"டாக்டர் சொன்னாரே அத்தான்."

"டாக்டருக்கா வலிக்குது?"

அக்கா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். கட்டிலுக்கடியில், அவருடைய சட்டை செருப்போடு பையில் அந்த பெல்ட்டும் இருந்தது. அத்தான் என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார்.

"டேய்... அது இருந்தப்ப இவ்வளவு வலிக்கலடா. உங்க அக்கா வர்றதுக்குள்ள, கொஞ்ச நேரம்... இறுக்கிக் கட்டி விடுடா."