ஏழாம் பக்கத்து வரி

ஆராய்ச்சி நிலையத்தின் நெறிமுறைக் குழுவில் மருத்துவர்கள் மூவர், வழக்கறிஞர் ஒருவர், தலைவராக ஓய்வுபெற்ற நீதிபதி. பொதுமக்கள் சார்பில் ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்பது அரசு விதி. அந்த ஒருவர், இரண்டு தெரு தள்ளித் தையல்கடை வைத்திருக்கும் அக்கா. மூன்று கூட்டங்களாக அவர் வாயே திறக்கவில்லை. "பிஸ்கட் சாப்பிட்டுட்டு வர்றதுக்கு ஒரு கமிட்டியா?" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார்.

நான்காவது கூட்டத்துக்காகப் பதினொரு பக்க ஒப்புதல் படிவம் ஒன்று வந்தது. குழந்தைப்பேறு சிகிச்சை முடித்த தம்பதிகளிடம் மிஞ்சிய கருக்களைக் கேட்டு வாங்கி, ஸ்டெம் செல் எடுத்து, பார்வை மங்கியவர்களுக்காக விழித்திரைச் செல்களை வளர்க்கும் ஆய்வு அது. குழு கையெழுத்துப் போட்டால்தான் அரசு நிதி. விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். கூட்டமோ புதன்கிழமை.

தைக்க வந்த சட்டைகளுக்கு நடுவே அக்கா அந்தப் படிவத்தை எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்தார். ஏழாம் பக்கத்தில் ஒரு வரி உறுத்தியது.

கூட்டத்தில் ஆராய்ச்சியாளரான பெண்மணி விளக்கி முடித்ததும் எல்லோரும் தலையாட்டினார்கள். நீதிபதி பேனாவைத் திறந்தார். அக்கா ஏழாம் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டார். கேட்டேவிட்டார்.

"எப்ப வேணும்னாலும் மனசு மாத்திக்கலாம்னு எழுதியிருக்கீங்களேம்மா. செல் எடுத்தப்புறம் ஒருத்தி வந்து கேட்டா, கருவத் திருப்பிக் குடுப்பீங்களா?"

"அது முடியாதுங்க. எடுத்தப்புறம் கரு இருக்காது."

"அப்புறம் ஏன் அப்படிச் சொல்லணும்? துணியில கத்திரி வைக்கிறதுக்கு முன்னாடியே நான் சொல்லிடுவேன், இதுக்கு மேல மாத்த முடியாதுன்னு. சொன்னா யாரும் கோவிச்சுக்கிறதில்ல. சொல்லாம வெட்டினாத்தான் வம்பு."

ஆராய்ச்சியாளர் ஏழாம் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். "வேற ஆய்வுலேர்ந்து அப்படியே எடுத்துப்போட்ட வரி. நான்தான் கவனிச்சிருக்கணும்."

"அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைப்போமா?" என்றார் நீதிபதி.

தள்ளினால் நிதி கைநழுவிவிடும். கெடுக்கவா அக்கா கேட்டார்? "எதுக்குங்க தள்ளணும்? அவங்க எழுதட்டும், நான் உக்காந்து வாசிக்கிறேன். எனக்கு எங்க தட்டுதோ அங்க மாத்தட்டும்."

அன்று கடை திறக்கவில்லை. மாலைக்குள் பதினொரு பக்கப் படிவம் நான்கு பக்கமானது. செல் எடுக்கும் நாள்வரை மனம் மாறலாம், அதன்பின் முடியாது என்பது முதல் பக்கத்திலேயே வந்தது. மறுநாள் குழு கையெழுத்திட்டது.

நிதியும் வந்து சேர்ந்த பிறகு, ஒருநாள் ஆராய்ச்சியாளரே கடைக்கு வந்தார். "முதல் ஜோடி படிச்சுப் பாத்துட்டு வேண்டாம்னு போயிட்டாங்கக்கா. எனக்கு உங்க மேல கொஞ்சம் கோவம்கூட வந்துச்சு."

"வராம இருக்குமா?"

"அடுத்த ஜோடி ஒரு வாரம் யோசிச்சாங்க. அப்புறம் ரெண்டு பேரும் சேந்து வந்து கையெழுத்துப் போட்டாங்க. அந்தம்மா எங்கிட்ட, எல்லாம் புரிஞ்சுதுன்னாங்க. எனக்கு அதுவே போதும்க்கா."

அக்காவுக்கு வயிறு நிறைந்தாற்போல இருந்தது. ஆராய்ச்சியாளரின் வெள்ளைக் கோட்டில் ஒரு பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"கோட்டக் கழட்டிக் குடுங்க," என்று ஊசியில் நூல் கோத்தார்.