இருபத்தெட்டா, பதினைந்தா

இன்ஜின் கேட்டு வருகிறவனுக்கெல்லாம் ஒரே வியாதி. பெரிசு வேண்டும். வயலுக்கு மருந்தடிக்கிற ஸ்பிரேயருக்கு வந்தாலும் சரி, மரம் அறுக்கிற மெஷினுக்கு வந்தாலும் சரி, "இதவிடப் பெரிசு இல்லியா அண்ணாச்சி" என்றுதான் ஆரம்பிப்பான். சங்கரன்கோவிலில் புளியங்குடி ரோட்டில் இருபது வருஷமாக இன்ஜின் ரிப்பேர் கடை வைத்திருக்கும் எபினேசர் நான். இந்தக் கேள்விக்கு என்னிடம் பொறுமை கிடையாது.

பாண்டியராஜும் அப்படித்தான் வந்தான். கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கத்து ஆள், ஷார்ஜாவில் ஆறு வருஷம் மெக்கானிக் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன். அங்கிருந்து ஒரு நைட்ரோ பக்கி கொண்டு வந்திருந்தான். ஒரு முழ நீளத்தில் ரிமோட் கார். ஆனால் பேட்டரியில் ஓடுவதில்லை. மெத்தனாலும் நைட்ரோவும் விளக்கெண்ணெயும் கலந்த எரிபொருளில் நிஜ இன்ஜினே ஓடும். எனக்கும் ஒரு காலத்தில் அந்தக் கிறுக்கு உண்டு என்பதால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் அதைத் தொடத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான்.

"இதுல இருக்கது இருபத்தொண்ணு. எனக்கு இருபத்தெட்டு போட்டுத் தாங்க அண்ணாச்சி."

இருபத்தொன்று என்றால் மூன்றரை சிசி. இருபத்தெட்டு நாலரைக்கும் மேல்.

"அந்த உடம்புக்கு இருபத்தொண்ணுதான்வே அளவு. பெரிசாப் போட்டா கிளட்ச் கருகும், பல்சக்கரம் தேயும், வளைவுல கவுந்து கெடக்கும். இப்பவே அறுபது கிலோமீட்டர்ல போகுமே, பத்தாதா?"

"பத்தல."

"யார்கூட பந்தயம்?"

அவன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "கிட்ட வந்துட்டு அண்ணாச்சி. போன மாசம் பத்தடி இருந்தது. இப்ப ஒரு சாண்தான்."

வேறு யாரோ ரிமோட் கார் வைத்திருக்கிறான் போல என்று நினைத்துக்கொண்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை வாங்கி வைத்தேன். பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் இறக்கையில் புழுதி அப்பியிருந்தது. அதில் நாலு சின்ன விரல்களின் தடம், மேலிருந்து கீழே வழுக்கி இறங்கின மாதிரி. எந்த வேலையை எடுத்தாலும் முதலில் துடைப்பது என் பழக்கம். துடைத்துவிட்டேன்.

மறுநாள் அவன் பெண்டாட்டி மாரிசெல்வி தனியாக பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் ஒரு மஞ்சப்பை.

"அந்த வண்டிக்கு இருக்கதுலயே சின்ன இன்ஜினாப் போடுங்க அண்ணாச்சி."

"சின்னதுன்னா பதினஞ்சு இருக்கு. ரெண்டரை சிசி. அந்த வண்டிய இழுக்க மூச்சு வாங்கும்மா. கூட ஓடியே பிடிச்சிரலாம்."

"அதத்தான் கேக்கேன்."

எனக்குச் சுள்ளென்று வந்தது. "புருஷனும் பொண்டாட்டியும் வீட்டுல பேசி முடிவு பண்ணிட்டு வாங்க. எங் கடையப் பஞ்சாயத்து ஆக்காதிய. வேகம் வேண்டாம்னா மெதுவா ஓட்டச் சொல்லும்மா, அதுக்கு எதுக்கு இன்ஜின மாத்தணும்?"

"விட்டுக்கொடுத்தா அவளுக்குப் பிடிக்காது. கண்டுபிடிச்சிருவா. கோவிச்சுக்கிட்டு அங்கனயே நின்னுருவா."

"யாரு?"

அவள் பையிலிருந்து ஒரு ஜோடி செருப்பை எடுத்து என் மேஜைமேல் வைத்தாள். ரோஸ் கலர். எட்டு வயசுப் பிள்ளைக்கு ஆகும். வலது செருப்பின் குதிகாலில் வட்டமாக ஒரு கரிந்த தழும்பு இருந்தது. அது எப்படி வந்திருக்கும் என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த மாதிரி இன்ஜினை அணைக்க ஸ்விட்ச் கிடையாது. புகைக்குழாயின் வாயை அடைத்தால்தான் நிற்கும்.

"எம் மக பேச்சித்தாய். அவரு வத்துன குளத்துக்குள்ள வண்டி விடுவாரு, இவ செருப்பக் கையில தூக்கிட்டுப் பின்னாலயே ஓடுவா. கடைசியில குழாய அடைச்சு நிறுத்துதது அவ வேல. கார்த்திகையில மூணு நாள் காய்ச்சல். போயிட்டா." அழாமல்தான் சொன்னாள். "பங்குனியில குளம் வத்துச்சு. வண்டிய எடுத்தாரு. அன்னையிலருந்து ஓடுதா அண்ணாச்சி. வெறுங்காலோட ஓடுதா."

அம்மா, நீ வீட்டுக்குப் போ என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள். "உச்சிப் பொழுதுக்குக் குளத்துக்கு ஒருதரம் வந்து பாருங்க."

பழைய இருபத்தொன்றையே சரிபண்ணி மாட்டி, இருபத்தெட்டையும் பதினைந்தையும் ஒரு பெட்டியில் எடுத்துக்கொண்டு மூன்றாம் நாள் போனேன். வைகாசி வெயில். காற்று இல்லை. குளத்துக்குள் ஒரு ஆடுகூட இல்லை. வெடித்த வண்டலின்மேல் மாவு மாதிரி புழுதி கிடந்தது. பாண்டியராஜ் என்னைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். வண்டியைக் கிளப்பினான். விளக்கெண்ணெய் கருகும் வாசனை வந்தது.

குளத்தின் குறுக்கே மடைவரைக்கும் போய் வண்டி திரும்பியது. கிளப்பிய புழுதி அடங்கின பிறகு பார்த்தேன். இரண்டு டயர்த் தடத்துக்கும் நடுவில் கால்தடம். விரல்களும் முன்பாதமும் மட்டும், குதிகால் இல்லை. ஓடுகிறவர்களுக்கு அப்படித்தான் பதியும். குளத்தின் நட்டநடுவில், எங்கிருந்தும் வராமல், அது ஆரம்பித்திருந்தது.

இரண்டாம் சுற்றில் அது விழுவதையே பார்த்தேன். ஒவ்வொன்றாக விழுந்தது. எட்டு வயசுப் பிள்ளை கால் எடுத்து வைக்கிற தூரம்தான் ஒன்றுக்கும் அடுத்ததற்கும். ஆனால் அறுபது கிலோமீட்டரில் போகிற வண்டிக்கு ஒரு சாண் பின்னாலேயே விழுந்துகொண்டு வந்தது. பயந்துவிட்டேன். கர்த்தரே என்று வாய்விட்டே சொன்னேன்.

ஆறு சுற்று ஓடி, எரிபொருள் தீர்ந்து வண்டி நின்றது. அந்தத் தடங்களும் கொஞ்சம் தள்ளியே நின்றுபோயின.

"பயந்துக்கிட்டுதான் பெரிய இன்ஜின் கேட்டீராவே?"

பாண்டியராஜ் என்னை முறைத்தான். "எம் பிள்ளைக்கு நான் எதுக்குப் பயப்படணும்? பிடிச்சிட்டான்னா வெளாட்டு முடிஞ்சிரும்லா. அப்புறம் எதுக்கு வருவா?"

"எனக்கும் அவ வேணும்" என்றாள் மாரிசெல்வி. "அதுக்காக எத்தன நாளைக்கு ஓட விடுவிய? இந்த வெயில்ல எங் காலே பொத்துப்போகுது."

பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எந்த வண்டிக்கு எந்த இன்ஜின் என்று ஊருக்கெல்லாம் அதட்டிச் சொல்கிறவன் நான். அன்றைக்குப் பெட்டியைத் திறக்கவே இல்லை. சும்மா நிற்க முடியாமல் குனிந்து தடத்தைப் பார்த்தேன். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, எங்கே இழுக்கிறது என்று பார்ப்பதுதானே என் பிழைப்பு.

"பாண்டி, இங்கன வாரும். இது மொதச் சுத்து. ரெண்டு காலும் சுத்தமா விழுந்திருக்கு. இது கடைசிச் சுத்து. இடது கால் இழுக்கு, பாரும்."

ஒவ்வொரு இடதுதடத்துக்கும் பின்னால் புழுதியில் ஒரு கோடு நீண்டிருந்தது. அவன் உட்கார்ந்து அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்தான். கோட்டின் நுனிவரைக்கும் விரலை இழுத்துப் பார்த்தான்.

"சின்னதே போடுங்க" என்றான்.

அன்று சாயங்காலம் கடையில் பதினைந்தை மாட்டினேன். இத்தனை வருஷத்தில் அளவு தெரிந்தே சிறிசு போட்டது அது ஒன்றுதான். மறுநாள் உச்சியில் மாரிசெல்வி செருப்பைக் கொண்டுபோய்க் குளத்தின் நடுவில் ஜோடியாக வைத்துவிட்டு வந்தாள். வண்டி முனகிக்கொண்டே கிளம்பியது. பாண்டியராஜின் விரல் ரிமோட்டை முழுசாக அழுத்தியிருந்தது. கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

செருப்பைத் தாண்டினதும் தடம் விழ ஆரம்பித்தது. ஐந்தடி. மூன்றடி. ஒரு சாண். வண்டியின் பின்பக்கம் சட்டென்று அமுங்கியது. ரிமோட்டில் முழு வேகம் இருக்கும்போதே இன்ஜின் இரண்டு தரம் திணறி அணைந்தது. எரிபொருள் பாதிக்குமேல் இருந்தது.

நாங்கள் மூன்று பேரும் நடந்துபோனோம். வலது செருப்பு வண்டியின் பக்கத்தில் கிடந்தது. குதிகாலில் அந்தப் பழைய வட்டத்தின்மேல் புதிதாக எண்ணெய் ஈரம். பக்கத்தில் சேர்ந்தாற்போல் இரண்டு பாதங்கள். குதிகாலும் முழுசாகப் பதிந்திருந்தது. நின்றிருக்கிறாள். அங்கிருந்து எந்தப் பக்கமும் தடம் போகவில்லை.

மாரிசெல்வி அதன் பக்கத்தில் உட்கார்ந்து அப்போதுதான் அழுதாள். பாண்டியராஜ் ரிமோட்டைக் கையில் பிடித்தபடி கேட்டான், "இன்னொருக்க ஸ்டார்ட் பண்ணிப் பாப்போமா அண்ணாச்சி?"

"வேண்டாம்வே" என்றேன். அவன் தலையாட்டினான். ஆனால் கை ரிமோட்டை விடவில்லை.

வண்டியைக் கடையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டான். அலமாரியில் இருக்கிறது. இறக்கையில் நாலு விரல் தடம், இந்த முறை வழுக்காமல் அழுத்திப் பிடித்த தடம். மாதம் ஒருதரம் பாண்டியராஜ் வந்து பார்த்துவிட்டுப் போகிறான். முதல் நாள் வண்டி வந்தபோதே வழுக்கின விரல்தடம் இருந்தது, நான்தான் துடைத்தேன் என்று அவனிடம் இன்னும் சொல்லவில்லை.