வாசலில் இறக்கிவிடுகிறவள்

சுகாசினிக்கு ஒரு பழக்கம் உண்டு. அதனாலேயே பல குடும்பங்களுக்கு அவளைக் கண்டால் ஆகாது. பெரிய காஞ்சிபுரத்தில் வீடில்லாதவர்களுக்காக அவள் நடத்தும் காப்பகத்தில் யாராவது தன் ஊரையும் தெருவையும் சரியாகச் சொல்லிவிட்டால், அந்த வீட்டுக்கு அவள் போன் செய்யமாட்டாள். செய்தால் வேண்டாம் என்றுதான் பதில் வரும். ஆளுக்கு முகம் மழித்து, சலவை வேட்டி கட்டி, ஆட்டோவில் ஏற்றிப் போய், பட்டப்பகலில் தெருவே பார்க்க வாசலில் இறக்கிவிடுவாள். ஊர் பார்த்தபின் எந்த மகனுக்கும் அப்பனைத் துரத்த வாய் வராது.

"கருமாதியே பண்ணிட்டோம்மா" என்று தென்னேரியில் ஒரு மருமகள் கதவை மறித்தாள்.

"பண்ணிருந்தா இருக்கட்டும். ஆளு உயிரோட நிக்கிறாரு பாருங்க" என்று பெரியவரின் பையை உள்ளே வைத்துவிட்டு வந்தவள் சுகாசினி.

நன்கொடைக் கூட்டங்களில் அவள் தன் அப்பாவைப் பற்றிப் பேசுவாள். அவள் ப்ளஸ் டூ படிக்கும்போது வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறிய மனிதர், இருபத்திரண்டு வருடமாகத் திரும்பவில்லை. எந்த ஊர் நடைபாதையில் கிடக்கிறாரோ என்ற ஏக்கத்தில்தான் காப்பகம் தொடங்கியதாகச் சொல்வாள். சொல்லும்போது அழுவாள். அந்த அழுகையில் துளிப் பொய் கிடையாது.

அன்று காலை, வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதமான தேவசகாயம் ஏகாம்பரநாதர் கோயில் பக்கத்திலிருந்து ஒரு கிழவரை அழைத்துவந்திருந்தான். குளிப்பாட்டி முடித்து, உற்சாகமாக ஆபீசுக்குள் நுழைந்தான்.

"மேடம், அட்ரஸ் கரெக்டா சொல்றாரு. பேரு முனுசாமியாம், முசரவாக்கமாம். கெவர்மென்ட் ஆபீஸ்ல பியூனா இருந்தாராம். நாளைக்கே ஆட்டோ சொல்லிடட்டா?"

சுகாசினி எழுந்து போய்ப் பார்த்தாள். தாடி எடுத்த முகம் அவளுக்குப் பிடிபடவில்லை. முன்கையில் பச்சை குத்தியிருந்த பெயர் பிடிபட்டது. கங்கையம்மாள். அவளுடைய அம்மா.

கிழவர் அவளை நிமிர்ந்து பார்த்து, "கும்புடுறேம்மா" என்றார். அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் முன்கூட்டிப் போன் செய்தாள். அப்பா கிடைத்துவிட்டார் என்று தம்பி பரசுராமனிடம் சொன்னாள்.

"அக்கா, அவரு செத்துட்டாருன்னு கோர்ட்ல பேப்பர் வாங்கித்தான் எனக்கு அவரோட பியூன் வேலய குடுத்தாங்க. இப்ப உயிரோட வந்து நின்னா நான் இன்னா பண்ணுவேன்? ரெண்டு புள்ளைங்க படிச்சிக்கினு இருக்குது. அம்மா தாலிய கழட்டி பன்னண்டு வருஷம் ஆவுது."

"அதுக்காக அப்பாவ..."

"உன்ன கையெடுத்து கும்புடுறேன். ஊர்ல எல்லாருக்கும் பண்ற மாதிரி ஆட்டோல கொண்டாந்து நம்ம வாசல்ல எறக்கிடாதக்கா."

இத்தனை வருடமாக எத்தனையோ பேர் அவளிடம் இதையேதான் கெஞ்சினார்கள். எல்லோருக்கும் அவளிடம் பதில் இருந்தது. தம்பியிடம் மட்டும், யோசிக்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தாள். கோர்ட்டில் கொடுத்த மனுவில் அவளும் கையெழுத்துப் போட்டவள்தானே. அப்பாவைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போகலாமா என்று யோசித்தாள். போனால் ஒரே வாரத்தில் முசரவாக்கத்துக்குச் சேதி போய்விடும். காப்பகத்திலேயே இருக்கட்டும், தினம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள். எல்லாக் குடும்பங்களும் அவளிடம் சொன்ன சமாதானமும் இதுதான். தெரிந்தும் முடிவு செய்தாள்.

"முசரவாக்கத்துல விசாரிச்சேன். அப்படி யாரும் இல்லயாம். ஏதோ ஞாபகத்துல சொல்றாரு" என்றாள் தேவசகாயத்திடம். ரெஜிஸ்டரில் ஊர் தெரியவில்லை என்று தன் கையாலேயே எழுதினாள்.

மத்தியானச் சாப்பாட்டில் கிழவரே அவளிடம் கேட்டார். "என்ன எப்ப எங்க ஊட்டுக்கு இட்டுக்கினு போவீங்கம்மா?"

"உங்க வீட்ல யாரும் இல்லயாம் பெரியவரே."

"ஒரு பொண்ணு இருந்துச்சேம்மா. நல்லா படிக்கும்."

"அவங்களும் இல்லயாம்."

கிழவர் சோறு பிசைவதை நிறுத்தினார்.

"அப்ப அதுவும் செத்துப்பூட்டிருக்கும்மா" என்றார். "உயிரோட இருந்திருந்தா என்ன தேடி வந்து இட்டுக்கினு போயிருக்கும்."