மல்லாட்டை எண்ணெய்

மூடியைத் திறந்ததும் பஜ்ஜி வாசனை வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, ஒலக்கூரில் எங்கள் வீட்டு வாசலில், கார் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறேன், மூக்கில் பஜ்ஜி. பவர் ஸ்டியரிங் ஆயில் சிவப்பாக இருக்க வேண்டும். டப்பாவுக்குள் மிதந்தது மஞ்சள். விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். மல்லாட்டை எண்ணெய். நிலக்கடலையைச் செக்கில் ஆட்டிக்கொண்டு வந்து சமையலறையில் தூக்குச்சட்டியில் வைத்திருக்கிறோமே, அதே எண்ணெய். எனக்கு உச்சந்தலைவரை எரிந்தது.

இந்தக் கார்தான் என் பிழைப்பு. விடிகாலை ஐந்தரைக்கு நான்கு பெண்களை ஏற்றிக்கொண்டு திண்டிவனம் பக்கத்துச் செருப்புக் கம்பெனிக்குப் போகிறேன். எனக்கும் அங்கேதான் தையல் வேலை. போன மாதம் ஒரு நாள் பஞ்சர். அந்த நாலு பேரில் ஒருவரான காந்திமதி அக்கா அன்றைக்கே வேன்காரனிடம் இடம் கேட்டுவிட்டார். இன்னொரு நாள் வண்டி நின்றால் நாலு பேரும் போய்விடுவார்கள். மூன்று வாரமாக ஸ்டியரிங் திருப்பினால் கத்துகிறது, கல்லைப் புரட்டுகிற மாதிரி கனக்கிறது. வலது தோளில் தைலம் தேய்க்காமல் நான் படுத்த நாள் இல்லை.

வீட்டுக்கு வந்து பார்த்த மெக்கானிக் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. லேடீஸ் ஓட்டினால் ஒடித்து ஒடித்துத் திருப்புவார்கள் சார் என்று என் கணவர் திருமுருகனிடம் சொன்னான். இந்த மூடிதான், ஆயிலை வீட்டிலேயே மாற்றலாம் என்று திறந்து காட்டிவிட்டுப் போனான். திருமுருகன் நன்றாகத் தலையாட்டினார். விழுப்புரத்தில் செல்போன் கடையில் வேலை பார்ப்பவர், தினம் வீட்டுக்கு வந்து நாளைக்குப் பார்க்கிறேன் என்பார். வாங்கி வைத்த ஆயில் பாட்டில்கள் இரண்டும் டிவி பக்கத்தில் தூசி படிந்து நின்றன.

இதை அவரைத் தவிர வேறு யார் செய்திருக்க முடியும்? நீ ஓட்டுவதை நிறுத்தினால் வண்டியும் நிம்மதியாக இருக்கும் என்று சிரித்துக்கொண்டே சொன்னவர்தானே. உள்ளே போய், போனைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் மூக்குக்கு நேரே விரலை நீட்டினேன்.

"மோந்து பாருங்க. வண்டி கெட்டு நான் ஊட்ல ஒக்காரணும்னுதானே ஊத்துனீங்க?"

அவர் மோந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு வேற வேலை இல்லையா என்று கத்தினார். நானும் விடவில்லை. கல்யாணமான பதினோரு வருஷத்தில் விழுங்கி வைத்ததெல்லாம் தெருவுக்கே கேட்கும்படி வந்தது. பொறாமை என்றேன், கையாலாகாத்தனம் என்றேன். பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். போகட்டும், நானே மாற்றிக்கொள்கிறேன் என்று பக்கெட்டை எடுத்தேன்.

பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்பக்கத்தை இரண்டு ஜாக்கியில் தூக்கி நிறுத்தினேன். மாட்டுக்கு மருந்து புகட்டும் பெரிய சிரிஞ்சால் டப்பாவிலிருந்ததை உறிஞ்சி எடுத்தேன். எண்ணெய் திரும்பி வருகிற ரப்பர் ஓஸைக் கழற்றிப் பக்கெட்டில் விட்டேன். இனி ஒருத்தர் ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்ப, இன்னொருத்தர் புது ஆயில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இருப்பது நான் ஒருத்தி. கையிலிருந்த துணியைத் தரையில் ஓங்கி அடித்தேன்.

அப்போதுதான் மாமியார் வீரம்மாள் வந்தார். கார் வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. மருமகள் ஓட்ட நான் உட்கார்ந்து போவதா என்று ஒரு நாளும் ஏறாதவர். கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். எப்படித் திருப்ப வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். கிணற்றுக் கயிற்றை இழுப்பதுபோல் இரண்டு கையாலும் இழுத்தார். நான் ஊற்ற ஊற்ற, ஸ்டியரிங் நாலு முறை போய் வந்தபின், கண்ணாடி வழியே நேராகப் பார்த்தபடி சொன்னார்.

"கெணத்து ராட்டினம் கத்துனா எண்ணெ ஊத்துவோம், அடங்கிடும். அந்த மெக்கானிக்கு தொறந்து காட்டுன மூடிதான். நாந்தான் ஊத்துனேன்."

பாட்டிலை அவர்மேலேயே வீசியிருப்பேன். உள்ளே இருக்கிற ரப்பரெல்லாம் என்ன ஆயிற்றோ. அந்த மனுஷனை அவ்வளவு பேசினேனே, அதில் எதைத் திரும்ப எடுப்பது? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா அத்தை என்று கத்தினேன்.

"மூணு வாரமா நீ அவங்கிட்ட சொல்லிக்கினே இருந்த. நான் கேட்டுக்கினேதான் இருந்தேன். தோளப் புடிச்சிக்கினு நீ மொனகறத எத்தினி நாளு கேக்கறது?"

மறுபடி பாட்டிலைச் சாய்த்து ஊற்றினேன். ஆனால் வந்த கோபம் எங்கே போகும்? ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடியும் திருமுருகன்மேலேயே வந்து நின்றது. அவர் மல்லாட்டை எண்ணெய் ஊற்றவில்லை, சரி. மூன்று வாரமாக எதையுமே ஊற்றவில்லை.

பைக் சத்தம் வந்து வாசலில் நின்றது. டிரைவர் சீட்டில் தன் அம்மாவைப் பார்த்தவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றார். என்னம்மா பண்ற என்றார். அத்தை ஸ்டியரிங்கை விடவில்லை. நானும் திரும்பவில்லை. முதல் பாட்டில் தீர்ந்து, இரண்டாவதைத் திறந்தேன்.

"திருப்புங்க அத்தை," என்றேன்.

அந்தரத்தில் நின்ற முன்சக்கரங்கள் முனகிக்கொண்டே திரும்பின. பக்கெட்டில் விழுவது இன்னும் மஞ்சளாகத்தான் இருந்தது.